ஒளித்தாள் நுண்ணோக்கியை ஆய்வகத்திலேயே கட்ட விரும்புவோருக்கு: முதல் கணக்கிலிருந்து முதல் படம் வரை

வளர்ந்துகொண்டிருக்கும் வரிக்குதிரை மீன் கருவின் இதயத்தை, அது துடித்துக்கொண்டிருக்கும்போதே முப்பரிமாணமாகப் படம்பிடிக்க வேண்டும் என்பதற்காக எங்கள் ஆய்வகத்தில் ஓர் ஒளித்தாள் நுண்ணோக்கியைக் கட்டினோம். ஓப்பன்ஸ்பிம் என்ற திறந்தநிலை வடிவமைப்பின் வரைபடங்களும் பொருள் பட்டியலும் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால், ஆறு மாதங்களில் வேலை முடிந்துவிடும் என்று திட்டமிட்டோம். முடிந்ததோ பதினேழு மாதங்களில். அதில் திருகாணிகளை முடுக்கிக் கண்ணாடிகளை நேர்ப்படுத்திய காலம் மூன்றே வாரங்கள். மீதி அனைத்தும் அனுமதிகளுக்கும் கொள்முதல் கோப்புகளுக்கும் சுங்கத்துக்கும், தவறாக வாங்கிய பொருட்களுக்கு மாற்று வருவதற்கும் போனது. இந்திய ஆய்வகம் ஒன்றில் இதே வேலையைத் தொடங்கவிருக்கும் முதலாமாண்டு முனைவர்பட்ட மாணவருக்கும் புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்கும் அந்த மாதங்களில் பாதியாவது மிச்சமாக வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கருவியின் கருத்து எளிமையானது. வழக்கமான ஒளிர்வு நுண்ணோக்கியில் மாதிரி முழுவதும் வெளிச்சத்தில் நனைகிறது. இங்கே லேசர் ஒளியை மெல்லிய தாளாக்கிப் பக்கவாட்டில் செலுத்தி, அதற்குச் செங்குத்தாக வைத்த அப்ஜெக்டிவ் (மாதிரியை நோக்கும் முதன்மை வில்லை) வழியாகப் பார்க்கிறோம். பார்க்கும் தளத்தில் மட்டுமே ஒளி படுவதால், மாதிரியில் நாம் பார்க்கும் ஒளிரும் புரதம் விரைவில் மங்குவதில்லை. உயிரினமும் மணிக்கணக்கில் தாங்குகிறது.

1. மாதிரியிலிருந்து தொடங்குங்கள்

கேமராவின் விவரத்தாளையோ லேசரின் திறனையோ பார்த்து வடிவமைப்பைத் தொடங்காதீர்கள். முதலில் ஒரு தாளில் நான்கு விடைகளை எழுதுங்கள்: நீங்கள் பார்க்க விரும்பும் மிகச் சிறிய அமைப்பு எத்தனை மைக்ரான், பார்வைப் புலம் எவ்வளவு அகலம் வேண்டும், நிகழ்வு எவ்வளவு வேகமானது, மாதிரி எவ்வளவு ஒளி ஊடுருவக்கூடியது. எங்கள் மீன் கருவின் இதயம் நொடிக்கு இரண்டு முதல் மூன்று முறை துடிக்கும். ஒரு துடிப்பின் கட்டங்களைப் பிரித்துப் பார்க்க நொடிக்கு 50 படங்களுக்கு மேல் தேவை. எந்தக் கேமரா வேண்டும் என்பதை அந்த ஒற்றை எண்ணே முடிவு செய்துவிட்டது.

மூளைத் திசுவைக் கரைசலில் இட்டு ஒளி ஊடுருவும்படி தெளிவாக்கிப் பார்க்க விரும்புபவருக்கு வேகம் பொருட்டே அல்ல; அவருக்கு வேண்டியது சென்டிமீட்டர் அளவிலான புலமும், தெளிவாக்கும் கரைசலின் ஒளிவிலகல் எண்ணுக்கு ஏற்ற அப்ஜெக்டிவும். அது வேறு கருவி. இரண்டுக்கும் பொதுவாக ஒன்றைக் கட்டலாம் என்று எண்ணினால் இரண்டுக்கும் உதவாத ஒன்றுதான் மிஞ்சும்.

கட்டத் தொடங்கும் முன் ஒரு முறையாவது உங்கள் மாதிரியை ஏற்கெனவே இயங்கும் ஒளித்தாள் நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துள்ள ஆய்வுக் கருவிகளை ஐ-ஸ்டெம் என்ற தேசிய வலைவாசலில் தேடி நேரம் பதிவு செய்யலாம். அங்கே செலவிடும் ஒரு நாளின் கட்டணம், பின்னால் தவறான அப்ஜெக்டிவ் வாங்கி இழக்கும் தொகையின் முன் மிகச் சிறியது.

2. கணக்கைப் போடுங்கள், பிறகு விலை கேளுங்கள்

பக்கவாட்டுப் பிரிதிறன் (தனித்தனியாகத் தெரியும் மிகச் சிறிய இடைவெளி) சுமாராக 0.61 பெருக்கல் அலைநீளம் வகுத்தல் என்.ஏ. (அப்ஜெக்டிவ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியைச் சேர்க்கிறது என்பதைக் காட்டும் எண்). ஓப்பன்ஸ்பிம் வடிவமைப்பில் வரும் 20 மடங்கு, 0.5 என்.ஏ. நீரமிழ் (முனையை நீரில் அமிழ்த்திப் பார்க்கும்) அப்ஜெக்டிவை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை ஒளிர்புரதத்தின் 520 நானோமீட்டர் ஒளிக்கு அதன் பிரிதிறன் ஏறக்குறைய 0.63 மைக்ரான். அந்த விவரம் படத்தில் தங்க வேண்டுமானால் கேமராவின் ஒவ்வொரு பிக்சலும் மாதிரியில் அதில் பாதி அளவை, அதாவது 0.32 மைக்ரானை, மட்டுமே உள்ளடக்க வேண்டும். கேமராவின் 6.5 மைக்ரான் பிக்சலை உருப்பெருக்கமான 20 ஆல் வகுத்தால் 0.325. பொருந்துகிறது.

இப்போது, கூடுதல் ஒளி வேண்டும் என்று 16 மடங்கு, 0.8 என்.ஏ. அப்ஜெக்டிவுக்கு மாறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிதிறன் 0.4 மைக்ரானாக மேம்படுகிறது. ஆனால் பிக்சலும் 0.4 மைக்ரானை உள்ளடக்குவதால் அந்த மேம்பாடு படத்தில் வராது. ஒளி கூடும், விவரம் கூடாது. விவரமும் வேண்டுமானால் இருமடங்கு குவியத் தொலைவுள்ள குழாய்வில்லை (அப்ஜெக்டிவிலிருந்து வரும் ஒளியைக் கேமராவில் குவிக்கும் வில்லை) வேண்டும், அப்போது புலம் பாதியாகும். இந்தப் பேரத்தை விற்பனைப் பிரதிநிதி உங்களுக்காகப் போட்டுத் தரமாட்டார்.

ஒளித்தாளிலும் இதே பேரம் உண்டு. தாள் மெலிந்தால் அது மெல்லியதாக இருக்கும் தூரமும் குறையும். 488 நானோமீட்டர் லேசரை நீருக்குள் 3 மைக்ரான் இடுப்பு ஆரத்துக்கு (கதிர் மிக ஒடுங்கிய இடத்தின் ஆரம்) குவித்தால், தாளின் தடிமன் 6 மைக்ரான். அது அந்த மெலிவோடு நீடிப்பது சுமார் 150 மைக்ரான். ஆரத்தை 5 மைக்ரானாக்கினால் தடிமன் 10 மைக்ரான், நீளம் 430 மைக்ரானை நெருங்கும். 0.5 என்.ஏ. அப்ஜெக்டிவின் ஆழப் பிரிதிறனே (பார்க்கும் திசையிலான பிரிதிறன்) 5.5 மைக்ரான் அளவில் இருப்பதால் 6 மைக்ரானுக்குக் கீழே தாளை மெலிக்கப் பாடுபடுவதில் அதிகப் பயனில்லை. எங்களுக்கு இதயம் முழுவதும் ஒரே தாளுக்குள் வர வேண்டியிருந்ததால் சற்றுத் தடித்த தாளையே தேர்ந்தோம். அதற்காக இன்றுவரை வருந்தவில்லை.

3. அனுமதி விண்ணப்பங்களை முதல் நாளே அனுப்புங்கள்

கருவி வந்த பிறகு அனுமதி கேட்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நாங்களும் அப்படியே நினைத்து, நேர்ப்படுத்திய நுண்ணோக்கியை இரண்டு மாதங்கள் சும்மா வைத்திருந்தோம். மரபணு மாற்றிய மீன் என்றால் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். முதுகெலும்பு விலங்கு என்பதால் விலங்கு நெறிமுறைக் குழுவிடமும் செல்ல வேண்டும். கருக்களை மட்டுமே பயன்படுத்துகிறோம் என்றாலும், எந்த நாள் வரை வளர்ப்பீர்கள் என்பதைக் குறிப்பிட்டு அந்தக் குழுவிடமே எழுத்தில் விளக்கம் பெற்றுவிடுங்கள். இக்குழுக்கள் ஆண்டுக்குச் சில முறையே கூடும். கூட்டத் தேதியை முன்கூட்டியே கேட்டறிந்து, குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன் கோப்பைக் கொடுங்கள். ஒரு கூட்டம் தவறினால் அடுத்ததற்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

4. பொருள் பட்டியலை வரிக்கு வரி சரிபாருங்கள்

செலவின் பெரும்பகுதி நான்கு பொருட்களில் அடங்கும்: கேமரா, லேசர்கள், அப்ஜெக்டிவ்கள், மாதிரியை நகர்த்தும் மேடை. நாங்கள் விலை கேட்டபோது அறிவியல் தரச் சிமாஸ் (ஒருவகை ஒளியுணர் சில்லு) கேமரா மட்டும் பத்து லட்சத்தைத் தாண்டியது. லேசர்களும் அப்ஜெக்டிவ்களும் ஒவ்வொன்றும் சில லட்சங்கள். அதிர்வு தாங்கும் மேசை ஏற்கெனவே ஆய்வகத்தில் இருந்ததால் தப்பித்தோம். ஒளி வடிகட்டிகளையும் இருநிறக் கண்ணாடிகளையும் (ஒரு நிறத்தை எதிரொளித்து மற்றொன்றைக் கடத்துபவை) மலிவானதாகப் பார்த்து வாங்காதீர்கள். லேசர் ஒளியின் மிகச் சிறு கசிவுகூடக் கேமராவில் உங்கள் புரதத்தின் ஒளிர்வை மூடிவிடும்.

பொறிகள் எல்லாம் சில்லறைப் பொருட்களில்தான் இருக்கின்றன. மெட்ரிக் மேசையில் 25 மில்லிமீட்டர் இடைவெளியில் எம்6 துளைகள் இருக்கும். அமெரிக்க அளவு மேசையில் ஓர் அங்குல இடைவெளியில் கால் அங்குலத் துளைகள் இருக்கும். பட்டியல் எண்ணின் முடிவில் வரும் '/எம்' என்ற ஓர் எழுத்துதான் இரண்டையும் வேறுபடுத்துகிறது. அந்த எழுத்து விடுபட்டதால் நாற்பது தாங்குதூண்கள் எங்கள் மேசையில் ஏறவில்லை. தூணை எடுத்துத் துளையில் வைத்துத் திருகினால் ஒரு சுற்று போகும், பிறகு இறுகிவிடும்; வலிந்து திருகினால் மேசையின் மரைதான் கெடும். அவற்றுக்கு மாற்று வர ஒன்பது வாரங்கள் ஆயின.

அப்ஜெக்டிவின் மரையும் இப்படித்தான். பழைய ஆர்.எம்.எஸ். மரை, எம்25, எம்27 என நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; இணைப்பு வளையத்தைப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள். அப்ஜெக்டிவில் பொறித்துள்ள உருப்பெருக்கம் அதே நிறுவனத்தின் குழாய்வில்லையோடு மட்டுமே மெய்யாகும். ஒலிம்பஸுக்கு 180 மில்லிமீட்டர், நிக்கானுக்கும் லைக்காவுக்கும் 200, ஸெய்ஸுக்கு 165. ஒலிம்பஸ் 20 மடங்கு அப்ஜெக்டிவை 200 மில்லிமீட்டர் குழாய்வில்லையோடு பொருத்தினால் உங்களுக்குக் கிடைப்பது 22.2 மடங்கு. அது தவறல்ல, ஆனால் அளவுகோலில் 20 என்று எழுதி வைத்தால் நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு நீளமும் பத்தில் ஒரு பங்கு பிழையாகும். சில நிறுவனங்கள் நிறப்பிறழ்ச்சித் திருத்தத்தின் ஒரு பகுதியைக் குழாய்வில்லைக்குள் வைத்திருப்பதால், பல நிறமிகளில் படமெடுப்பவர்கள் அப்ஜெக்டிவையும் குழாய்வில்லையையும் ஒரே நிறுவனத்திடம் வாங்குவது நல்லது.

5. கொள்முதல் கோப்பு

மத்திய அரசு நிதியில் இயங்கும் நிறுவனங்களுக்குப் பொது நிதி விதிகள் 2017 பொருந்தும். அறிவியல் நிறுவனங்களுக்கான தொகை வரம்புகள் 2025 ஜூன் மாதத்தில் உயர்த்தப்பட்டன. விலைப்புள்ளி இல்லாத நேரடிக் கொள்முதலுக்கான வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாகவும், கொள்முதல் குழு வழியாக வாங்குவதற்கான வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமாகவும் ஆகியுள்ளது. தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இருப்பவர்கள் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இன்படி நடக்க வேண்டும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைக் கொள்முதல் பிரிவு அலுவலரிடம் நேரில் அமர்ந்து கேளுங்கள். கோப்பை நகர்த்தப் போகிறவர் அவர். உங்கள் கருவி என்ன செய்யும் என்பதை அவருக்கு ஒரு முறை பொறுமையாக விளக்கிவிட்டால் பின்னால் வரும் கேள்விகள் பாதியாகக் குறையும்.

வரம்புக்குள் அடக்குவதற்காக ஒரே பொருளைப் பிரித்துப் பிரித்து வாங்குவதை விதிகள் தடுக்கின்றன. தணிக்கையில் அது உறுதியாகக் கேள்வியாக வரும். கேமரா, லேசர், அப்ஜெக்டிவ் எனத் தன்மையில் வேறான பொருட்களைத் தனித்தனிக் கோப்புகளாக்குவது அதில் சேராது, ஆனால் காரணத்தை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரே நிறுவனம் மட்டுமே தயாரிக்கும் அப்ஜெக்டிவ் என்றால் தனியுரிமைப் பொருள் சான்றிதழ் தேவை. அதில் 'சிறந்தது' என்று எழுதினால் திரும்பி வரும். 'நீரமிழ், 0.5 என்.ஏ., 3 மில்லிமீட்டருக்குக் குறையாத வேலைத் தொலைவு' என்று, இரண்டாம் படியில் போட்ட கணக்கோடு இணைத்து எழுதினால் நிற்கும்.

விலைப்புள்ளியின் செல்லுபடிக் காலத்தைப் பாருங்கள். பல விலைப்புள்ளிகள் 30 நாட்களில் காலாவதியாகின்றன; கோப்பு அதைவிட மெதுவாகவே நகரும். தொடக்கத்திலேயே 120 நாட்கள் கேட்டு வாங்குங்கள். அயல்நாட்டு நாணய மதிப்பு ஏறும் என்று எண்ணி மதிப்பீட்டில் ஒரு பங்கு ஒதுக்கி வையுங்கள்.

6. இறக்குமதியும் சுங்கமும்

எங்களுக்கு அதிகம் வலித்த படி இது. உங்கள் நிறுவனம் டி.எஸ்.ஐ.ஆர். எனப்படும் அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றிருந்தால் ஆய்வுக் கருவிகளுக்குச் சுங்கத் தீர்வையில் சலுகை உண்டு. அந்தப் பதிவுக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதைப் பெட்டி விமான நிலையத்தில் இறங்கிய பிறகே அறிந்தோம். ஆணை அனுப்பும் நாளில் பதிவு உயிரோடிருப்பது போதாது. சரக்கு வந்து சேரும் நாளிலும் இருக்க வேண்டும். புதுப்பிக்க மாதங்கள் ஆகலாம் என்பதால் இன்றே நிர்வாகப் பிரிவில் நகலைக் கேட்டுத் தேதியைப் பாருங்கள்.

சுங்க முகவரிடம் கொடுக்க வேண்டியவை: கொள்முதல் ஆணை, விற்பனையாளரின் விலைப்பட்டியல், பொதிப் பட்டியல், விமானச் சரக்குச் சீட்டு, டி.எஸ்.ஐ.ஆர். பதிவுச் சான்றின் நகல், பொருள் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது என்று நிறுவனத் தலைவர் கையொப்பமிட்ட சான்றிதழ், பொருளின் விவரத்தாள். ஆணையில் உள்ள பொருள் பெயரும் விலைப்பட்டியலில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 'லேசர் ஒளி மூலம்' என்றும் மற்றொன்றில் 'லேசர் டயோடு தொகுதி' என்றும் இருந்தால் போதும், சரக்கு நிற்கும். நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் கிடங்குக் கட்டணம் ஏறும். அதை எந்தத் திட்ட நிதியிலிருந்தும் எளிதில் தரமுடியாது.

ஆய்வு நிறுவனங்களுக்கு முன்பு இருந்த 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை 2022 ஜூலை 18 முதல் நீக்கப்பட்டுவிட்டது. பழைய திட்ட அறிக்கைகளைப் பார்த்து மதிப்பீடு எழுதுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். 5க்குப் பதிலாக 18 சதவீதம் கட்ட நேரும்போது ஒரு வடிகட்டிச் சக்கரத்தின் விலையே போய்விடுகிறது. மிகை உணர்திறன் கொண்ட சில கேமராக்களுக்கு ஏற்றுமதி நாட்டின் கட்டுப்பாடு உண்டு. இறுதிப் பயனர் உறுதிமொழியில் நிறுவனத் தலைவர் கையொப்பமிட வேண்டும் என்பதால், அந்தப் படிவத்தை விலைப்புள்ளியோடு சேர்த்தே கேட்டுப் பெறுங்கள். ஆணை அனுப்பிய நாளிலிருந்து பொருள் கைக்கு வர மூன்று முதல் ஐந்து மாதங்கள் என்று வைத்துக்கொள்வது நியாயமானது.

7. அறை

பொருள் வரும்வரை அறையைத் தயார் செய்யுங்கள். தெரியும் ஒளியில் 5 முதல் 500 மில்லிவாட் வரையிலான லேசர் 3பி வகுப்பைச் சேர்ந்தது. அது கண்ணில் நேராகப் பட்டால் பார்வை போகும். கதவில் எச்சரிக்கை விளக்கு, அலைநீளத்துக்கு ஏற்ற பாதுகாப்புக் கண்ணாடி, மேசையைச் சுற்றிக் கருப்பு உறை ஆகியவை இல்லாமல் லேசரை இயக்காதீர்கள். கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றுங்கள். நாற்காலியில் அமரும்போது கண் கதிரின் உயரத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். குளிரூட்டியின் காற்று மேசைமேல் நேராக விழக்கூடாது. கடலோர நகரமென்றால் இரவில் குளிரூட்டியை நிறுத்துவது கண்ணாடிகளில் பூஞ்சைக்கு வழி விடும். அப்ஜெக்டிவ்களை வேலை முடிந்ததும் ஈரம் ஒற்றி எடுத்து, ஈரப்பதம் 40 சதவீதத்தை ஒட்டிய உலர்பெட்டியில் வையுங்கள்.

8. நேர்ப்படுத்துதல்

முதலில் அப்ஜெக்டிவ்கள் இல்லாமல் தொடங்குங்கள். ஒளிப்பாதையில் ஒரே உயரத்தில் இரண்டு கருவிழித் துளைகளை (சுருக்கி விரிக்கக்கூடிய வட்டத் துளைகள்) வையுங்கள். முதல் கண்ணாடியைத் திருப்பி முதல் துளையின் நடுவிலும், இரண்டாம் கண்ணாடியைத் திருப்பி இரண்டாம் துளையின் நடுவிலும் கதிரைக் கொண்டு வாருங்கள். ஒன்றைத் திருத்தினால் மற்றது சற்று விலகும், ஐந்தாறு சுற்றில் இரண்டும் அமரும். லேசரை மிகக் குறைந்த திறனில் வைத்து, கதிரை வெள்ளை அட்டையில் மட்டுமே பாருங்கள். பிறகு கதிரைத் தாளாக்கும் உருளை வில்லையையும் ஒளியூட்டும் அப்ஜெக்டிவையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கதிர் நடுவிலேயே இருக்கிறதா என்று சோதியுங்கள். இரண்டை ஒன்றாகச் சேர்த்தால் எது விலக்கியது என்று தெரியாது.

மாதிரித் தொட்டியில் நீரை நிரப்பி, பச்சையாக ஒளிரும் சாயமான ஃப்ளோரசீனின் மிக நீர்த்த கரைசலிலிருந்து இரண்டு சொட்டு விடுங்கள். விளக்கை அணைத்தால், மங்கிய பச்சைப் புகைக்குள் கத்தி விளிம்பு போல ஒரு கோடு நிற்கும். மேலிருந்து பார்த்தால் அது நடுவில் ஒடுங்கி இரு பக்கமும் விரிவது தெரியும். அந்த ஒடுங்கிய இடம் பார்க்கும் அப்ஜெக்டிவின் நேர் எதிரே வர வேண்டும். அந்தக் கோடு அதன் குவியத் தளத்தில் படிய வேண்டும். தொண்ணூறு பாகை சரியில்லை என்றால் படத்தின் ஒரு விளிம்பு தெளிந்து மறு விளிம்பு மங்கும். இந்தச் சோதனைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள்.

9. மணிகளில் அளந்த பின்பே மீன்

0.2 மைக்ரான் ஒளிர்மணிகளை (ஒளிரும் நுண் உருண்டைகள்) ஒரு சதவீத அகரோஸ் கூழ்மத்தில் கலந்து தொங்கவிட்டு, ஒரு மைக்ரானுக்கு ஒரு தளமாக அடுக்குப் படம் எடுங்கள். மைக்ரோ-மேனேஜர் மென்பொருளில் எடுத்து ஃபிஜியில் அளக்கலாம், இரண்டும் இலவசம். ஒவ்வொரு மணியின் அரைஉயர அகலமும் (ஒளிச்செறிவு உச்சத்தில் பாதியாகும் இடங்களுக்கு இடையிலான அகலம்) பக்கவாட்டில் 0.6 மைக்ரானை ஒட்டி வந்தால் நல்லது. 1 மைக்ரானைத் தாண்டினால் எங்கோ பிழை இருக்கிறது. மணி குவியத்துக்கு ஒரு புறம் வளையங்களாகவும் மறுபுறம் வெறும் மங்கலாகவும் விரிந்தால், பார்க்கும் பாதையில் இருக்கக்கூடாத கண்ணாடி ஒன்று இருக்கிறது என்று பொருள். நீரமிழ் அப்ஜெக்டிவுக்கும் மாதிரிக்கும் இடையே மூடுசில்லு (மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டு) வரக்கூடாது. கண்ணாடிக் குழாயில் மாதிரியை வைப்பதும் இதே பிழைதான். எஃப்.இ.பி. என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயின் ஒளிவிலகல் எண் 1.34, நீரின் 1.33க்கு மிக அருகில் இருப்பதால் அதையே பயன்படுத்துங்கள். அளவீட்டைத் தேதியோடு பதிவேட்டில் எழுதி, மாதம் ஒரு முறை திரும்ப அளந்து பாருங்கள்.

பிறகு கரு. நிறமி படியாமல் இருக்க, முதல் நாள் முடியும் முன்பே 0.003 சதவீத பி.டி.யு. கலந்த நீருக்கு மாற்ற வேண்டும். குறைந்த வெப்பத்தில் உருகும் அகரோஸை 37 பாகைக்கு ஆற்றிய பிறகே கருவை இடுங்கள். மயக்க மருந்தான டிரைகெயின் இதயத் துடிப்பைக் குறைக்கும். துடிப்பையே அளப்பவர்கள் இயங்காமலிருக்கப் போதுமான மிகக் குறைந்த அளவைத் தேடிப் பிடிக்க வேண்டும். தொட்டியை 28.5 பாகையில் வைத்திருங்கள்.

10. தரவுக்கு இடம்

2048க்கு 2048 பிக்சல், 16 பிட் என்றால் ஒரு படம் 8.4 மெகாபைட். 200 தளம், இரண்டு நிறம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, பன்னிரண்டு மணி நேரம்: ஏறக்குறைய 480 கிகாபைட். ஒரே இரவில். நொடிக்கு நூறு படம் எடுக்கும்போது நொடிக்கு 800 மெகாபைட்டுக்கு மேல் எழுத வேண்டும் என்பதால் சாதாரண சுழல்வட்டு தாங்காது, படங்கள் இடையில் விடுபடும். வேகமான திண்மநிலை வட்டையும் காப்பகச் சேமிப்பையும் முதல் மதிப்பீட்டிலேயே எழுதுங்கள். பின்னால் தனியாகக் கேட்டால் கருவி வாங்கியாகிவிட்டதே என்பார்கள்.

11. மனிதத் திசுவும் மருத்துவப் பயன்பாடும்

அறுவைச் சிகிச்சையில் எஞ்சிய திசுவைப் பார்ப்பதற்கும் நிறுவன மனித நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும்; விண்ணப்பத்தில் ஒப்புதல் படிவத்தின் தமிழ் வடிவத்தையும் இணையுங்கள், அது நோயாளி படித்தால் புரியும் தமிழாக இருக்கட்டும். உங்கள் படத்தை வைத்து மருத்துவர் நோயை முடிவு செய்யும் நிலை வந்தால் அது ஆய்வுக் கருவி அல்ல, மருத்துவக் கருவி. அப்போது மருத்துவக் கருவிகள் விதிகள் 2017 பொருந்தும். சோதனைக்காகச் சிறிய எண்ணிக்கையில் தயாரிக்கப் படிவம் எம்.டி-12இல் விண்ணப்பித்து எம்.டி-13 உரிமம் பெற வேண்டும். நோயாளிகளிடம் மருத்துவ ஆய்வு செய்ய எம்.டி-22இல் விண்ணப்பிக்க வேண்டும். அந்த வழியில் செல்லும் எண்ணம் சிறிதேனும் இருந்தால், முதல் திருகாணியிலிருந்தே வடிவமைப்பு மாற்றங்களைத் தேதியோடும் காரணத்தோடும் கையொப்பத்தோடும் கட்டுப்போட்ட பதிவேட்டில் எழுதி வாருங்கள். நாங்கள் அதைத் தனித்தாள்களில் எழுதி வைத்திருந்தோம். அவற்றை வரிசைப்படுத்தவே ஒரு மாதம் ஆயிற்று.